வெளிச்சத்தில் இரண்டு மணித்தியாலம்: பள்ளிப் பிள்ளைகளின் கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பொங்கல் கழிந்த கிழமையில் எங்கள் வீட்டுக்குப் பின்புறமுள்ள தோட்டவெளியில் பிள்ளைகள் பட்டம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நாலாம் தரத்துக்குப் போகத் தொடங்கியிருந்த என் மூத்த மகள் நூலைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, "எங்கையம்மா நிக்குது? எனக்கு வானம் மட்டுந்தான் தெரியுது" என்றாள். பட்டத்தில் கட்டியிருந்த விண் என்ற ஒலிநார் கூவுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. நூலின் இழுவை அவளது விரலில் இருந்தது. பட்டம் மட்டும் தெரியவில்லை. சில நாட்களில் கண் வைத்தியரிடம் கொண்டுபோனபோது இரண்டு கண்களுக்கும் மைனஸ் 1.75 என்று எழுதித் தந்தார். பல ஆண்டுகளாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எனக்கு, என் சொந்தப் பிள்ளை முந்திய தவணை முழுவதும் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது அன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும், வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும், இளைய மகனின் நாளாந்த அட்டவணையை மாற்றியமைத்தபோது கற்றுக்கொண்டவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: பகல் வெளிச்சம் கிட்டப்பார்வையை மாற்றும் மருந்தன்று, அது தொடங்குவதைத் தள்ளிப்போடும் காப்பு. ஆகவே அதைக் கொடுக்கவேண்டிய காலம் கண்ணாடி வருவதற்கு முந்திய காலம், அதாவது ஏறத்தாழ ஆறு வயது முதல் பத்து வயது வரை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக நாங்கள் பிள்ளைகளைக் கூரைக்குக் கீழே இருத்துகிற ஆண்டுகளும் அவையே.

முதற்படி: கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளுதல்

பிறந்த குழந்தையின் கண்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் நீளமானது. வளர்ந்தவருக்கு அது 23 அல்லது 24 மில்லிமீற்றர் ஆகிறது. இந்த வளர்ச்சி அளவோடு நின்றால், தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி விழித்திரையின் மேல் சரியாகக் குவியும். கண்கோளம் தேவைக்கு மேல் நீண்டுவிட்டால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, தூரப்பொருள் மங்கலாகத் தெரியும். இதையே கிட்டப்பார்வை என்கிறோம். குறும்பார்வை என்றும் சொல்வர். ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டையொப்டர் வரை கண்ணாடியின் பவர் ஏறும் (டையொப்டர் என்பது பவரை அளக்கும் அலகு).

வைத்தியர் எழுதித் தரும் மைனஸ் இலக்கம் பெற்றோருக்கு விளங்கவேண்டும். மைனஸ் 1.00 என்றால் கண்ணாடி இல்லாமல் பிள்ளைக்கு ஒரு மீற்றர் வரையே தெளிவாகத் தெரியும், மைனஸ் 2.00 என்றால் அரை மீற்றர்; மைனஸ் 3.00 என்றால் 33 சென்ரிமீற்றர், அதாவது கையை மடக்கிப் பிடித்த புத்தகத்தின் தூரம். வகுப்பறையில் மூன்றாம் வரிசைப் பிள்ளைக்குக் கரும்பலகை நாலைந்து மீற்றருக்கு அப்பால் இருக்கிறது. மைனஸ் ஒன்றே அந்தப் பிள்ளையின் படிப்பைக் குழப்பப் போதுமானது.

நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. சிறுவயதில் தொடங்கினால் ஆண்டுக்கு அரை டையொப்டர் முதல் ஒரு டையொப்டர் வரை ஏறிக்கொண்டு போவது வழக்கம். எட்டு வயதில் கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் பதின்மூன்று வயதில் போட்ட பிள்ளைக்கும் இருபது வயதில் இருக்கப்போகும் வேறுபாடு பெரியது. மைனஸ் 6 ஐத் தாண்டியவர்களுக்கு விழித்திரை பிரிதல், விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைதல், கண்ணழுத்த நோய் ஆகியவற்றின் ஆபத்து பிற்காலத்தில் கூடுகிறது. ஆகவே "எப்படியும் கண்ணாடி போடத்தானே வேணும், இப்ப போட்டாலென்ன, பிறகு போட்டாலென்ன" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கு ஆதாயம்.

இரண்டாம் படி: ஏன் வெளிச்சம் என்பதை அறிந்துகொள்ளுதல்

நாங்கள் வளர்ந்த காலத்தில் பெரியவர்கள் சொன்ன காரணம் வாசிப்பு. "புத்தகத்துக்குள்ளை முகத்தைப் புதைச்சால் கண் போகும்" என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது முழுக்கதை அன்று. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறு, ஏழு வயதினரை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1 சதவீதமானோருக்குக் கிட்டப்பார்வை இருந்தது, சிட்னியில் 3.3 சதவீதம் மட்டுமே. பெற்றோரின் கண்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி. வாசிப்பிலும் கிட்டவேலையிலும் சிட்னிப் பிள்ளைகள் குறைந்தவர்கள் அல்லர், கூடியவர்களே. பெரிதாக வேறுபட்ட ஒன்று வெளியில் நின்ற நேரம்: சிட்னியில் கிழமைக்கு 13.75 மணித்தியாலம், சிங்கப்பூரில் 3.05 மணித்தியாலம். இந்த இரண்டு இலக்கங்களையும் நான் ஒரு துண்டில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

ஒப்பீடு மட்டும் போதாது என்று சொல்வோருக்கு, பாடசாலைகளில் நடத்திய பரிசோதனைகள் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, பாதிப் பாடசாலைகளில் முதலாம் தரப் பிள்ளைகளுக்கு நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழமைபோல் இருந்த பாடசாலைகளில் 39.5 சதவீதமான பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் நின்றவர்களில் 30.4 சதவீதம். 2015 இல் இது வெளிவந்தது. தாய்வானில் இன்னும் எளிதான ஒன்றைச் செய்தார்கள்: இடைவேளையில் வகுப்பறைகளை வெறுமையாக்கிப் பிள்ளைகள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். ஓர் ஆண்டில் அந்தப் பாடசாலையில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் 8.41 சதவீதம், அயலிலிருந்த மற்றப் பாடசாலையில் 17.65 சதவீதம். 2010 முதல் தாய்வான் அரசே நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் என்ற திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தது. ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறைபாடு அதன் பின்னர் இறங்கத் தொடங்கியது. வேறு பாடத்திட்டமோ விலைகூடிய கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை.

இதன் காரணம் வெளிச்சத்தின் அளவில் இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். நல்ல மின்விளக்கு உள்ள வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். தகரக் கூரையும் ஒற்றை யன்னலும் உள்ள ரியூசன் கொட்டிலில் அதுவும் கிடையாது. மரநிழலில் பல ஆயிரம் லக்ஸ்; மப்பான நாளிலும் வெளியில் ஆயிரக்கணக்கில்; மத்தியான வெய்யிலில் ஒரு லட்சம் வரை. எங்கள் கண்மணி சுருங்கி விரிந்து ஈடுசெய்வதால், வீட்டுக்குள் இருட்டு என்று எங்களுக்குத் தோன்றுவதில்லை. விழித்திரைக்கோ அது இருட்டுத்தான். பிரகாசமான வெளிச்சம் விழும்போது விழித்திரை டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கிறது; அது கண்கோளம் மேலும் நீளாதபடி தடுக்கிறது என்பதே இப்போது ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். கோழிக்குஞ்சுகளில் செய்த பரிசோதனைகளில் கடும் வெளிச்சம் கிட்டப்பார்வை வளர்வதைக் குறைத்தது. டோப்பமினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பயன் இல்லாமற் போயிற்று.

இதிலிருந்து பெற்றோர் பிடித்துக்கொள்ளவேண்டிய சில விடயங்கள் பிறக்கின்றன. பிள்ளை ஓடவேண்டும் என்பதில்லை. திண்ணைக்கு வெளியே மாமரத்தின் கீழ் இருந்து கதை கேட்டாலும் அது கணக்கில் சேரும். உள்ளக அரங்கில் ஆடும் பட்மின்ரன் உடம்புக்கு நல்லது. கண்ணுக்கு இந்தப் பயனைத் தராது. தொப்பி போடலாம், நிழலில் நிற்கலாம். அப்போதும் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைக்கும். பொன்னாங்காணியும் முருங்கையிலையும் பிள்ளைக்கு உயிர்ச்சத்து ஏ தருகின்றன, மாலைக்கண் வராமல் காக்கின்றன. ஆனால் கண்கோளம் நீள்வதை எந்தக் கீரையும் நிறுத்தாது. வறை சமைப்பதை விடவேண்டாம், அதை வெளிச்சத்துக்குப் பதிலாக எண்ணவும் வேண்டாம்.

மூன்றாம் படி: பிள்ளையின் கிழமையைக் கணக்குப் பார்த்தல்

ஒரு கொப்பித்தாளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதி, சூரியன் இருக்கும் நேரத்தில் பிள்ளை கூரைக்கு வெளியே நின்ற நிமிடங்களை மட்டும் ஒரு கிழமைக்குக் குறியுங்கள். ஊகத்தில் எழுதவேண்டாம், ஊகம் எப்போதும் கூட்டியே சொல்லும். என் மகள் நாளும் இரண்டு மணித்தியாலமாவது வெளியில் நிற்கிறாள் என்றே நான் நம்பியிருந்தேன். எழுதிப் பார்த்தபோது தெரிந்தது இது: காலையில் தகப்பனுடைய மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம், இடைவேளையில் வகுப்பறைக்குள்ளேயே சாப்பிட்டு, எழுதி முடிக்காததை எழுதுதல், ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் வெய்யில் என்று நேரே வீடு, இரண்டரை முதல் ஐந்தரை வரை ரியூசன், சனியும் ஞாயிறும் காலையில் மாதிரி வினாத்தாள் வகுப்பு. எல்லாம் கூட்டிக் கிழமைக்கு ஐந்து மணித்தியாலத்தை எட்டவில்லை. ஆண்டு முழுவதும் வெய்யில் எறிக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை வெளிச்சப் பஞ்சத்தில் வளர முடியும் என்பதை அந்தத் தாள்தான் எனக்குக் காட்டியது.

இலக்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம், கிழமைக்கு 14. அது முடியாவிட்டால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடக்கூடாது: குவாங்சோவில் கூடுதலாகக் கிடைத்தது நாளுக்கு 40 நிமிடம்தான், அதுவும் பயன் தந்தது. கைத்தொலைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி கிடைக்கிறது. அது துல்லியமானதன்று என்றாலும், பிள்ளை எழுதும் மேசையிலும் முற்றத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இலக்கங்களுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் கண்ட பிறகு வீட்டில் யாரும் வாதாட மாட்டார்கள்.

நாலாம் படி: மணித்தியாலங்களைத் தேடியெடுத்தல்

இதுதான் கடினமான படி, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். புதிதாக இரண்டு மணித்தியாலம் எங்கிருந்தும் வராது. உள்ளே செய்கிற சிலவற்றை வெளியே கொண்டுவருவதே வழி.

காலையிலிருந்து தொடங்குங்கள். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. ஏழு மணிக்கே வெளியில் போதிய வெளிச்சம் வந்துவிடும், வெக்கையும் இல்லை. பாடசாலை கிட்ட என்றால் நடத்திக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் முந்திப் புறப்பட்டு, பிள்ளை பாடசாலை மைதானத்தில் நிற்க விடுங்கள். பல்துலக்குவதும் தலையிழுப்பதும் கிணற்றடியிலும் முற்றத்திலும் நடக்கலாம். எங்கள் அம்மம்மா காலத்தில் அப்படித்தான் நடந்தது.

இடைவேளை அடுத்தது. இருபது நிமிடம் சிறிதென்று நினைக்கவேண்டாம். ஐந்து நாளில் அது ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். இதில் பெற்றோரைவிட ஆசிரியருக்கே பொறுப்புக் கூட, நானும் அதில் அடக்கம். எழுதி முடிக்காத பிள்ளையை இடைவேளையில் உள்ளே இருத்தித் தண்டிக்கும் வழக்கம் எனக்கும் இருந்தது; மெதுவாக எழுதுகிற பிள்ளை பலமுறை கரும்பலகை தெரியாத பிள்ளையாகவே இருக்கிறது என்பதை அறிந்த பின்னர் அதை நிறுத்திவிட்டேன். உடற்கல்விப் பாடநேரத்தைக் கணிதத்துக்குக் கடன் எடுப்பதும் பல இடங்களில் நடக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, சண்டையில்லாமல், அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்கே விடும்படி கேளுங்கள். சூழல் சார்ந்த பாடத்தில் செடியையும் பூச்சியையும் படிப்பிக்கிறோம். அந்தப் பாடத்தை வேப்பமரத்தின் கீழ் வைப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

ரியூசனைப் பற்றிப் பேசாமல் யாழ்ப்பாணத்தில் இந்த வழிகாட்டி முடியாது. ரியூசனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை, நானும் நிறுத்தவில்லை. நேரத்தைத்தான் பேசவேண்டும். மகனுக்கு இரண்டாம் தரத்தில் வகுப்புத் தேடியபோது, படிப்பிப்பவரிடம் நேரே போய்ச் சொன்னேன்: "சேர், அஞ்சரைக்கு விட்டால் பிள்ளை வீட்டை வர இருட்டிப் போகும். நாலரைக்கு விடுவீங்களெண்டால் ஒரு மணித்தியாலம் வெளிச்சத்திலை விளையாடுவான். மூத்தவளுக்குக் கண்ணாடி வந்திட்டுது, அதுதான் கேக்கிறன்." அவர் சற்று யோசித்து, "ரீச்சர், எனக்கும் இரண்டு பிள்ளையள் இருக்கு" என்றார், அடுத்த கிழமை முதல் வகுப்பை அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கி நாலரைக்கு விடத் தொடங்கினார். சிலர் மறுப்பார்கள். அப்படியானால் வாய்ப்பாடு சொல்வதையும் பொது அறிவு வினா கேட்பதையும் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள்; வாயால் படிக்கிற எதற்கும் கூரை வேண்டியதில்லை.

பின்னேரத்தில் பிள்ளைக்கு விளையாட ஆள் வேண்டும். தனியே முற்றத்தில் நில் என்றால் எந்தப் பிள்ளையும் நில்லாது. அயலில் மூன்று நாலு வீட்டாரோடு பேசி ஒரே நேரத்தைக் குறியுங்கள். கிளித்தட்டுக்கு மண்ணில் கோடு கீறினால் போதும், கிட்டிப்புள்ளுக்கு இரண்டு தடி போதும். பெண் பிள்ளைகளை வெளியில் விடத் தயங்கும் பெற்றோருக்கு, கோயில் வெளிவீதியைக் காட்டுவேன்: அகலமான மணல், திறந்த வானம், பின்னேரப் பூசைக்கு வரும் தெரிந்த முகங்கள். அம்மம்மாமாரில் யாராவது ஒருவர் மடத்துத் திண்ணையில் இருந்தால் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். நகரத்துக்குள் வளவில்லாத வீடுகளில் இருப்போருக்கு முற்றவெளியும் சுப்பிரமணியம் பூங்காவும் பண்ணைக் கடற்கரையும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனால் ஒரே தடவையில் மூன்று மணித்தியாலம் கிடைக்கும்.

என் மகனின் கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. பாடசாலை நாளில் காலை 25 நிமிடம், இடைவேளை 20, பின்னேரம் 60. ஐந்து நாளுக்கு எட்டே முக்கால் மணித்தியாலம். சனிக்கிழமை இரண்டரையும் ஞாயிறு மூன்றும் சேர, பதினாலேகால். எல்லாக் கிழமையும் இது நிறைவதில்லை. பரீட்சைக் கிழமையில் பத்துக்கு இறங்கும். பரவாயில்லை, ஆண்டு முழுவதும் சேரும் தொகைதான் பெரிது.

ஐந்தாம் படி: வெய்யில், மழை, நுளம்பு

முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரையான வெய்யிலில் பிள்ளையை நிறுத்தவேண்டாம், விசேடமாகச் சித்திரை, வைகாசியில். கண்ணுக்கு அந்த வெய்யில் தேவையுமில்லை. காலையும் பின்னேரமும் மரநிழலுமே தாராளம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கூட இருக்கட்டும். பட்டம் விடும்போது சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்று பிள்ளைக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சூரியனை உற்றுப் பார்த்தால் விழித்திரை எரிந்து நிரந்தரமாகப் பழுதடையலாம். ஏற்றும்போது சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கப் பழக்குவது எளிது.

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. மழை விட்ட இடைவெளியில் மப்பாக இருந்தாலும் வெளியில் கிடைப்பது உள்ளே உள்ளதைவிடப் பல மடங்கு. விறாந்தையின் ஓரம் கூட அறையை விட மேல். மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுவதால், பின்னேர நேரத்தை நாலேகாலுக்கு முன்தள்ளவேண்டும்; ஆனியில் ஆறரை வரை சூரியன் நிற்கும். மாரியோடு டெங்குவும் வரும். டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் சூரியன் மறைவதற்கு முந்திய பொழுதிலும் கூட. ஆகவே அந்த மாதங்களில் கைமூடிய சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, நுளம்புக் களிம்பு பூசி அனுப்புங்கள்; வளவில் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்குப் பயத்தில் மூன்று மாதம் கதவைப் பூட்டிவைப்பது தீர்வாகாது.

ஆறாம் படி: கிட்டவேலையை ஒழுங்குபடுத்தல்

புத்தகமோ கைத்தொலைபேசியோ கண்ணிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. பள்ளிக்கூட அடிமட்டத்தின் முழு நீளம் அது. முழங்கையை மேசையில் ஊன்றி, முட்டிக்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கப் பழக்கினால் பிள்ளை தானே தூரத்தை அறியும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து யன்னலால் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேசையை யன்னலோரம் போடுங்கள். சிறிய திரையைவிடப் பெரிய திரை தூரத்தில் இருப்பதால் மேல்; பாடம் கைத்தொலைபேசியில் வந்தால், முடிந்தவரை தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுங்கள்.

ஏழாம் படி: கண்ணைச் சோதித்தல்

கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தலையைச் சரித்தல், தொலைக்காட்சிக்குக் கிட்டப்போதல், தலையிடி, கொப்பி பார்த்து எழுதும்போது வரும் பிழைகள் ஆகியவை அறிகுறிகள். ஆனால் பிள்ளை முறையிடாது. மங்கலாகத் தெரிவதே உலகம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு கண் நல்லதாயும் மறுகண் மோசமாயும் இருந்தால் அறிகுறியே இராது.

வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் மூன்று கால் கொண்ட ஆங்கில "ஈ" எழுத்தைக் கறுப்பு மையால், ஒரு தாளில் 17.5 மில்லிமீற்றர் உயரத்திலும் இன்னொன்றில் 9 மில்லிமீற்றர் உயரத்திலும், உயரமும் அகலமும் சமமாக, கால்களின் தடிப்பும் இடைவெளியும் ஒன்றாக இருக்கும்படி வரையுங்கள். ஆறு மீற்றர் அளந்து பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பெரிய எழுத்து 6/12 அளவு (நல்ல கண் 12 மீற்றரிலிருந்தே காண்பது), சிறியது ஏறத்தாழ 6/6 (நல்ல கண் 6 மீற்றரில் காண்பது). பெரியதைக் காட்டத் தடுமாறினாலோ, இரண்டு கண்ணுக்கும் வேறுபாடு இருந்தாலோ தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் போங்கள். சரியாகக் காட்டினாலும் இது வைத்தியப் பரிசோதனைக்கு ஈடாகாது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் நடத்தப்படுகிறது. அன்று பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள், கொடுத்துவிடும் துண்டைப் புத்தகப்பைக்குள் கிடக்க விடாதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிள்ளையின் கண்ணில் துளிமருந்து விட்டு, கண்தசையைத் தளர்த்திய பிறகு பவர் பார்ப்பதே சரியான முறை. துளி விடாமல் பார்த்தால் பிள்ளையின் கண் தசையை இறுக்கி, இல்லாத மைனஸைக் காட்டக்கூடும். துளி விட்ட நாளில் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். பாடசாலை இல்லாத நாளாகப் பாருங்கள். வைத்தியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கிட்டப்பார்வை வராத சின்னப் பிள்ளைக்குச் சிறிதளவு பிளஸ் பவர் இருக்கவேண்டும், ஆறு வயதில் அது பிளஸ் 0.75 ஐவிடக் குறைவாக இருந்தால், கண்ணாடி தேவையில்லாவிட்டாலும், கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் கூட. தாய் தகப்பன் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தாலும் அப்படியே. அத்தகைய பிள்ளைக்கு நாலாம் படியை மிகக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

எட்டாம் படி: கண்ணாடி வந்துவிட்ட பிள்ளைக்கு

ஏற்கெனவே தொடங்கிய கிட்டப்பார்வையின் ஏற்றத்தை வெளிச்சம் குறைப்பதற்குச் சான்று பலவீனமானது. என் மகளை நான் இப்போதும் வெளியில் அனுப்புகிறேன், அது அவளுடைய பிள்ளைப்பருவம் என்பதற்காக. ஆனால் அவளுடைய கண்ணுக்கு அது மட்டும் போதும் என்று இருந்துவிடவில்லை.

எழுதித் தந்த கண்ணாடியை முழுப் பவரில், நாள் முழுவதும் போடவேண்டும். "போட்டால் ஏறும், குறைச்சுப் போடுவம்" என்பது எங்கள் ஊரில் எங்கும் கேட்கும் பேச்சு. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கு ஏற்றம் குறையவில்லை என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. ஓர் ஆய்வில் அவர்களுக்குக் கூடுதலாகவே ஏறியது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி என்றால் கலியாணம் பேசும்போது குறையாகும் என்று மறைத்துவைத்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். கரும்பலகை தெரியாமல் ஐந்து ஆண்டு இருந்த அந்தப் பிள்ளைகளின் புள்ளிகளையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஏற்றத்தைக் குறைக்க வைத்தியத்தில் இன்று வழிகள் உண்டு: நீர்த்த அற்றோப்பின் துளிமருந்தை இரவில் விடுதல், ஓரங்களில் வேறு விதமாக ஒளியைக் குவிக்கும் விசேட மூக்குக்கண்ணாடி வில்லைகள், கண்ணின் மேல் வைக்கும் பிள்ளைகளுக்கான விசேட தொடுவில்லைகள். இவற்றில் எது பொருந்தும், எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்பதைக் கண் வைத்திய நிபுணரிடம் கேட்டே முடிவுசெய்யவேண்டும். கடையில் அற்றோப்பின் வாங்கித் தாமாக விடக்கூடாது. கண்ணாடிக் கடை விளம்பரத்தில் பவரை இல்லாமலாக்கும் என்று வரும் கண் பயிற்சிகளுக்குப் பணம் கொடுக்கவேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளச் சோதித்து, திகதியையும் இரண்டு கண்களின் இலக்கங்களையும் ஒரே கொப்பியில் எழுதிவாருங்கள். ஆண்டுக்கு முக்கால் டையொப்டருக்கு மேல் ஏறினால் அந்தக் கொப்பியோடு நிபுணரிடம் போங்கள். பவர் கூடிய பிள்ளை கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கறுப்புப் புள்ளிகள் திடீரெனப் பறக்கின்றன, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல இருக்கிறது என்று சொன்னால் அது விழித்திரை பிரிவதன் அறிகுறியாக இருக்கலாம். நோவு இராது. நோவில்லையே என்று விடியும்வரை காத்திராமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.